பங்காளியும் சவரக் கத்தியும்

என் மூத்த மகள் பிறந்தபோது அவளைக் குரங்கு என்று நம்பினேன்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அப்பாக்கள் பிள்ளையை ‘சரியான குரங்குடா நீ’ என்று கொஞ்சுவார்களே, அந்தக் கணக்கிலும் சேராது. முறையாக யோசித்து, ஆதாரம் தேடி, ஆதாரத்தைத் தடவியும் பார்த்து, என் பெண் மனித வரிசையிலிருந்து நழுவிப் பின்னால் போய்விட்டாள் என்ற முடிவுக்கு வந்தேன். வந்தவன் சும்மா இருந்தேனா? நடவடிக்கையும் எடுத்தேன். (அதுதான் வினை. நம்பிக்கையோடு நின்றிருந்தால் வெளியே யாருக்குத் தெரியப் போகிறது?)

எதுவுமே படிக்காதவன் உலகத்தில் பிழைத்துக்கொள்வான். முழுக்கப் படித்தவனும் எப்படியோ பிழைத்துக்கொள்வான். பாதிப் பக்கம் படித்தவன் கதிதான் கஷ்டம். நான் நிஜமாகவே பாதிப் பக்கம்தான் படித்திருந்தேன்.

அப்போது யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. எனக்கு இருபத்துநாலு வயது. திருத்தணி ரயில்வே ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா வேலை. என் ஆங்கிலம் பார்சல் ஆங்கிலம். ‘கண்ணாடிச் சாமான், பார்த்து இறக்கவும்’ என்பது வரைக்கும் தங்குதடை இல்லாமல் ஓடும், அதற்கப்புறம் நொண்டும். ஒருநாள் மதராஸிலிருந்து ஒரு கடைக்காரருக்குப் பீங்கான் பெட்டி வந்தது. பார்த்து இறக்கவில்லை. உடைந்தது எது, உடையாதது எது என்று பிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு தட்டைச் சுற்றியிருந்த ஆங்கிலப் பத்திரிகைத் தாள் என் கையில் ஒட்டிக்கொண்டது.

அதில் ஒரு படம். எலும்புக்கூடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கின்றன. பின்னால் நிற்பது கூனிக் குறுகி, கை நீண்டு, தரையைத் தேடுகிறது. அதற்கு முன்னால் நிற்பது சற்றே நிமிர்ந்திருக்கிறது. அப்படியே ஒவ்வொன்றாக நிமிர்ந்துகொண்டே வந்து, எல்லாருக்கும் முன்னால் நிற்பது நம்மைப் போலவே நெட்டுக்குத்தலாக, ஸ்டேஷன் மாஸ்டர் மாதிரி நிற்கிறது. கீழே விளக்கம் இருந்தது. அதில் பாதியைத் தட்டின் உடைந்த விளிம்பு கிழித்துக்கொண்டு போய்விட்டது. மிச்சத்தில் ‘மனிதன்’ என்ற சொல்லும் ‘குரங்கு’ என்ற சொல்லும் எனக்குத் தெளிவாகப் புரிந்தன. போதாதா? கிழிந்து போன பாதியை நானே எழுதிக்கொண்டேன்.

அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது கிருஷ்ணாயில் கியூ. ரேஷன் கடை வாசலில் நாங்கள் தகர டின்னோடு ஒருத்தர் முதுகை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நிற்போமே, அதே அமைப்பு. குரங்குகள் பின்னால் நிற்கின்றன. முறை வரவரக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்கின்றன. முன்னால் வந்தவன் மனிதன். சரக்கை வாங்கிக்கொண்டான். மலைமேல் தேங்காய்மூடி பொறுக்கிக்கொண்டிருக்கிற குரங்குகள் எல்லாம் இன்னும் முறை வராதவை. இதுதான் நான் கண்டுபிடித்த தத்துவம். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று முதல் திருத்தணியில் யாருக்கும் நிம்மதி இல்லை.

முதலில் சிக்கியவர் என் மனைவி சரோஜாவின் அண்ணன் முனிரத்தினம். அம்மையார்குப்பத்தில் தறி வைத்திருந்தார். நூல் கோட்டா விஷயமாகத் திருத்தணிக்கு வரும்போதெல்லாம் எங்கள் வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார். சாப்பிடும்போதே ஆரம்பித்தேன்.

“மச்சான், நம்ம தாத்தாவோட தாத்தாவோட தாத்தா எல்லாம் யாருன்னு நெனைக்கிறீங்க? குரங்கு.”

அவர் சோற்றிலிருந்து தலையைத் தூக்கினார். “உங்க தாத்தாவா மாப்ளே? அடப்பாவமே. பொண்ணு கேட்டு வரும்போதே சொல்லி இருக்கலாம் இல்ல?”

“உங்க தாத்தாவும்தான்!”

“எங்க தாத்தா தறியில உக்காந்து பட்டுக்கரை போட்டவரு. எந்த ஊர்ல குரங்கு நூலை சிக்கல் பண்ணாம உட்டுது? சொல்லுங்க பாப்போம்.”

சரோஜா அடுப்படியில் சிரித்தது கேட்டது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. படத்தை எடுத்து விரித்தேன். முனிரத்தினம் சோற்றுக் கையை விலக்கி வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு, உலகமே கேட்கிற அந்தக் கேள்வியை அவரும் கேட்டார்.

“குரங்குதான் மனுசன் ஆச்சுன்னா, தோ, நம்ம கூரை மேல குந்திகினு இருக்குதே, அது ஏன் இன்னும் குரங்காவே இருக்குது?”

“முறை வரல. கியூவில நிக்குது.”

அவர் அண்ணாந்து ஓட்டின் மேலிருந்த குரங்கைப் பார்த்தார். அந்த வாரம்தான் நூலுக்காகக் காலையிலிருந்து நின்று, சாயங்காலம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று வெறுங்கையோடு திரும்பியிருந்தார். “பாவம்,” என்றார், மனசார. “நம்ம ஜாதிதான்.”

ஆடிக் கிருத்திகைக்கு மாமியார் வந்திருந்தார். சரோஜா அப்போது ஐந்து மாதம். கூட்டம் குறைந்ததும் மெதுவாகப் படியேறினோம். பாதி மலையில் ஒரு பெரிய குரங்கு குறுக்கே குதித்து, சரோஜா கையிலிருந்த தேங்காய்ப் பழத் தட்டில் கை வைத்தது. அவளும் விடவில்லை, அதுவும் விடவில்லை. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இழுத்தார்கள். கடைசியில் பழம் அதற்கு, தட்டு இவளுக்கு என்று பாகப்பிரிவினை ஆயிற்று.

மாமியார் மார்பில் அடித்துக்கொண்டார். “அய்யோ, புள்ளத்தாச்சி போய் கொரங்கு மூஞ்சியப் பாத்துட்டாளே! கொயந்த அதே ஜாடையா பொறக்குமே!”

நான் படியில் உட்கார்ந்து சிரித்தேன். மூடநம்பிக்கை, அறியாமை என்று கடைசிப் படி வரும்வரை பிரசங்கம் செய்தேன். கூரைக் குரங்கெல்லாம் கியூவில் நிற்கிறது என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தவன், ஒரு பாவப்பட்ட அம்மாளை அறியாமை என்று ஏசினேன். எனக்கு அப்போது அது வித்தியாசமாகவே படவில்லை.

ஆவணியில் வளைகாப்பு முடிந்து சரோஜாவை அம்மையார்குப்பத்துக்கு அழைத்துப் போனார்கள். கார்த்திகை பிறந்த கையோடு, எதிர்பார்த்ததற்குச் சில வாரம் முன்பாகவே வலி எடுத்துவிட்டது. வண்டி கட்டி அந்தப் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். முனிரத்தினம் ஸ்டேஷனுக்கு வந்து, பார்சல் தராசில் சாய்ந்துகொண்டு, “மகாலட்சுமி வந்துட்டா மாப்ளே,” என்றார். நான் லீவு சொல்லிவிட்டு ஓடினேன்.

சரோஜா சோர்ந்து படுத்திருந்தாள். பக்கத்தில் பழைய வேட்டித் துணியில் சுற்றி ஒரு சின்ன மூட்டை. மாமியார் மூட்டையை என் மடியில் வைத்தார். சின்னஞ்சிறு முகம். நெற்றியில், புருவத்திலிருந்து தலைவரைக்கும், பூனை ரோமம் மாதிரி மெல்லிய முடி. காது விளிம்பில் முடி. துணியைக் கொஞ்சம் விலக்கினேன். தோளில் முடி. முதுகில், சுழித்துச் சுழித்து, யாரோ சீவி விட்டதுபோல முடி.

துணியை இழுத்து மூடினேன்.

என் விரலை அவள் உள்ளங்கையில் வைத்தேன். சட்டென்று பிடித்துக்கொண்டாள். விரலை மெல்ல மேலே தூக்கினேன். விரலோடு அவள் கையும், கையோடு தோளும் கிளம்பி வந்தன. இந்தப் பிடியை நான் பார்த்திருக்கிறேன். மலைப்படியில் தாய்க்குரங்கு தாவும்போது வயிற்றில் தொங்குகிற குட்டி இதே பிடிதான் பிடிக்கும்.

“அப்பன் ஊட்டு ஜாடை,” என்றார் மாமியார், ஆசையாக.

அந்த அம்மாளுக்கு ஒரு விகல்பமும் கிடையாது. ‘எங்க தாத்தா குரங்கு’ என்று மார்தட்டியவன் நான். அந்த வாய்முகூர்த்தம்தான் பலித்துவிட்டதோ? இந்தப் பக்கம் மாமியார் சொன்ன ஆடிக் கிருத்திகைக் குரங்கு. அந்தப் பக்கம் என் சட்டைப் பையில் இருந்த விஞ்ஞானம். இரண்டும் எதிரெதிர்த் திசையில் கிளம்பி, என் மடியில் வந்து கை குலுக்கிக்கொண்டன.

இன்னும் ஒரே ஒரு பரிசோதனை பாக்கி. துணியை அவிழ்த்து, குழந்தையைத் திருப்பி, கீழ்ப்பக்கம் பார்த்தேன்.

“இன்னா மாப்ளே தேடறீங்க?” என்றார் மாமியார்.

“ஈரமா இருக்குதான்னு பாத்தேன் அத்தை.”

வால் இல்லை. ஆனால் முதுகெலும்பு முடிகிற இடத்தில் விரலுக்கு ஒரு முனை தட்டுப்பட்டது. சின்ன எலும்பு. இது வளருமோ? குழந்தையைக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரிக்குப் பின்னால் வேப்பமரத்தடிக்குப் போய், யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, வேட்டிக்குமேல் கையை வைத்து என் முதுகெலும்பு முடிகிற இடத்தைத் தடவினேன். எனக்கும் இருந்தது! மறுபடியும் தடவினேன். சந்தேகமே இல்லை. ஒரு முனை.

“இன்னா மாப்ளே, கட்டியா?”

முனிரத்தினம் மரத்துக்கு அந்தப் பக்கம் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

“இல்ல மச்சான்... உங்களுக்கு அங்க எலும்பு மாதிரி எதுனா இருக்குதா?”

அவர் பீடியை வாயிலிருந்து எடுத்தார். “சொம்மா சொல்லக் கூடாது, எனக்கு அந்த எடத்துல கட்டி, கொப்புளம் எதுவும் வந்ததே இல்ல. தறிக்குழியில குந்தறவன் இல்லையா? விளக்கெண்ணெய் தடவுங்க.”

அவரைத் தடவிப் பார்க்கச் சொல்லியிருந்தால் அங்கேயே விஷயம் தெளிந்திருக்கும். மானம் தடுத்தது.

இன்னும் சில நாளில் தொட்டில் போட்டுப் பேர் வைக்கப் போகிறார்கள். அம்மையார்குப்பத்துத் தெரு முழுக்கத் திரண்டு வரும். ஒவ்வொருத்தியும் குழந்தையை வாங்கி, சட்டையைக் கழற்றி, தூக்கிப் பார்ப்பாள். யாராவது ஒருத்தி ‘குரங்கு’ என்று சொல்லிவிட்டால் அந்தப் பேர் ஒட்டிக்கொள்ளும். எங்கள் பக்கத்தில் பட்டப்பேர் ஒருதரம் ஒட்டினால் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் கூட வரும். என் பெண் அந்தப் பேரோடு வளர வேண்டும். அதுதான் என் பயம். இவ்வளவு சிரிப்புக்கும் நடுவில் அந்தப் பயம் மட்டும் உண்மையானது.

மறுநாள் திருத்தணிக்குத் திரும்பி மலையேறினேன். மொட்டை அடிக்கிற கொட்டகையில் பொன்னுசாமி என்று ஒரு நாவிதர் எனக்குத் தெரிந்தவர். அவரை ஓரமாக அழைத்தேன்.

“பொன்னுசாமி, ஒரு வேண்டுதல். கைக்குழந்தை.”

“தாராளமா. எத்தினி மாசம்?”

“பொறந்து இப்பதான்... கொஞ்ச நாள்தான் ஆவுது.”

“பச்சப் புள்ளைக்கு உச்சியில கத்தி வைக்கக் கூடாதுங்க. வருசம் திரும்பட்டும்.”

“தலை வேணாம். முதுகு.”

பொன்னுசாமி கத்தியைத் தோல்பட்டையில் தீட்டுவதை நிறுத்தினார். “முதுகா? முதுகு முடிய எந்த சாமிங்க கேட்டுது? யாரு வேண்டிகினது?”

“நான்தான்.”

“அப்பிடின்னா உங்க முதுகக் காட்டுங்க,” என்று என் சட்டைக் காலரைப் பின்னால் இழுத்துப் பார்த்தார். “அடேங்கப்பா! இங்க காடே இல்ல இருக்குது! இத்த வெச்சுகினு குழந்தை முதுகப் பத்தி ரோசனை பண்றீங்க?”

வரிசையில் உட்கார்ந்திருந்த மொட்டைகள் எல்லாம் திரும்பின. நான் காலரைச் சரிசெய்துகொண்டு படியிறங்கினேன். வழியில் ஒரு தாய்க்குரங்கு குட்டியை வயிற்றில் ஒட்டிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தது. ‘வாங்க’ என்று சொல்லிவிடுமோ என்று பயந்து வேகமாக நடந்தேன்.

ஊரில் ஒருவரும் உதவாவிட்டால் தானே இறங்க வேண்டியதுதானே? என் சவரக் கத்தி, பிரஷ், சோப்பு மூன்றையும் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மத்தியான வேளை. மாமியார் துணி அலசக் கிணற்றடிக்குப் போயிருந்தார். சரோஜா அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். சொம்புத் தண்ணீரில் பிரஷை நனைத்து, நுரை கட்டி, குழந்தையை மடியில் குப்புறப் போட்டு முதுகில் தடவினேன். அவள் அழவில்லை. அவளுக்கு அது சுகமாகக்கூட இருந்திருக்கலாம். ஒரு பெருமூச்சு விட்டாள். பிரஷைப் பக்கத்தில் வைத்துவிட்டு வலது கையில் கத்தியைத் திறந்தேன்.

அந்த நேரம் பார்த்து அவள் கை பிரஷின் காம்பில் பட்டது. பிடித்துக்கொண்டாள். பிரஷ் அவள் முகத்துக்கு நேரே வந்தது. நுரை கண்ணில் பட்டுவிடும். இடது கையால் பிரஷை இழுத்தேன். பிரஷோடு அவளும் வந்தாள். சோப்பு நுரையில் மடி வழுக்க ஆரம்பித்தது. பிரஷை விட்டுவிட்டு அவளைத் தாங்கினேன். இப்போது ஒரு கையில் வழுக்குகிற குழந்தை, இன்னொரு கையில் திறந்த கத்தி. கத்தியை வைக்கக் குனிந்தால் அவள் நழுவுவாள். இரண்டு கையாலும் அவளைப் பிடித்தால் கத்தி அவள்மேல் படும். யாரையாவது கூப்பிட்டால் கத்தியைப் பார்த்துவிடுவார்கள்.

இத்தனை வருஷம் கழித்து எழுதும்போதும் இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சரோஜா கண்ணைத் திறந்தாள்.

“என்னங்க அது கையில?”

“சோப்பு.”

“அந்தக் கையில?”

அவள் கூச்சல் போடவில்லை. மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். கையை நீட்டினாள். குழந்தையை, பிரஷோடு சேர்த்து, என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டாள். தன் தோளில் போட்டு, முந்தானையால் முதுகைத் துடைத்தாள். கீறல் இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். அதற்கப்புறம்தான் கத்தினாள். அந்தச் சத்தத்தில் கிணற்றடியிலிருந்து மாமியாரும், வேப்பமரத்தடியிலிருந்து முனிரத்தினமும், உள்ளிருந்து டாக்டரம்மாவும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தார்கள்.

டாக்டரம்மா கிறிஸ்தவப் பெண்மணி. நம் பக்கத்துக்காரர்தான், மதராஸில் படித்தவர். நாற்பது வயது இருக்கும். குழந்தை முதுகின் நுரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். “யாருக்கு சவரம்?” என்றார்.

சொல்லத்தானே வேண்டும்? சொன்னேன். தாளையும் எடுத்து விரித்தேன். கியூ, முறை, பின்னால் போவது எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ, “உங்க வேதத்துல இது வேற மாதிரி இருக்குமே டாக்டரம்மா,” என்றும் கேட்டுவிட்டேன்.

“அதை நான் கர்த்தர்கிட்ட பேசிக்கறேன். நீங்க மொதல்ல கத்தியக் கீழ வைங்க.”

அதுவரை கத்தி என் கையிலேயே இருந்திருக்கிறது.

“வயித்துக்குள்ள இருக்கறப்ப எல்லாக் குழந்தைக்கும் இந்த முடி இருக்கும்,” என்றார். “மாசம் நிறைஞ்சு வந்தா பெரும்பாலும் உள்ளேயே உதிர்ந்துடும். உங்க பொண்ணு கொஞ்சம் சீக்கிரம் வந்துட்டா, அதனால போட்டுகினே வந்துட்டா. தானா உதிரும். கையப் புடிக்கறதும் அப்பிடித்தான். எந்தப் பச்சக் குழந்தைகிட்ட விரலக் குடுத்தாலும் புடிக்கும். அப்புறம் மறந்துடும்.”

“அந்த எலும்பு...?”

“எந்த எலும்பு?”

நான் முனிரத்தினத்தைப் பார்த்தேன். அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று. முகம் முழுக்க ஒரு வெளிச்சம் வந்தது. “ஆங்! அன்னிக்கு மரத்தடியில... கட்டி!”

“அது எனக்கும் இருக்குது, உங்க மச்சானுக்கும் இருக்குது,” என்றார் டாக்டரம்மா. “வளராது.”

மாமியார் விடவில்லை. “நான் அப்பவே சொன்னேங்க. மலை மேல கொரங்கு மூஞ்சியப் பாத்துட்டா...”

“அப்பிடிப் பாத்தா திருத்தணில பொறக்கற ஒவ்வொரு புள்ளைக்கும் வால் இருக்கணுமே அம்மா.” பிறகு என் தாளை வாங்கி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மிச்சமிருந்த பாதியைப் படித்தார். “இது கியூன்னு யாரு சொன்னது உங்களுக்கு? இதுல நிக்கற எல்லாருமே இன்னிக்கு உசுரோட இருக்கறவங்க. வாலில்லாத பெரிய குரங்கு வகைங்க நாலும், கடைசியா மனுசனும். எலும்பு எப்பிடி எப்பிடி ஒத்துப்போவுதுன்னு காட்ட பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சிருக்காங்க. ஒருத்தர் இன்னொருத்தரா மாறல.”

“அப்ப நம்ம மலைக் குரங்கு?”

“அது இந்தப் படத்துலயே இல்ல. வாலு இருக்குதே. அது இன்னும் தூரத்து சொந்தம். யாரும் யாருக்கும் தாத்தா இல்ல. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால எல்லாருக்கும் பொதுவா ஒரு பாட்டன் இருந்திருக்கணும். இன்னிக்கு மலை மேல இருக்கற குரங்கும் இல்ல, மனுசனும் இல்ல, வேற ஒண்ணு. அங்க இருந்து கிளை கிளையாப் பிரிஞ்சு அவங்க ஒரு வழி, நாம ஒரு வழி.”

“அதுல மூத்த வழி யாருங்க?” என்றார் முனிரத்தினம். பாகம் பிரிக்கும்போது கேட்கிற முதல் கேள்வி.

“ரெண்டு வழிக்கும் ஒரே வயசுதான். நாம நடந்து வந்துட்டோம், அவங்க நின்னுட்டாங்கன்னு இல்ல. அவங்களும் அவங்க வழியில மாறிகினுதான் வந்திருக்காங்க. குரங்கு ஏன் மனுசன் ஆகணும்? அதுக்கென்ன தலையெழுத்தா, ரேஷன் கடையில நிக்கறதுக்கு?”

இத்தனை நேரமும் சரோஜா குழந்தையின் முதுகை உள்ளங்கையால் மூடியபடி உட்கார்ந்திருந்தாள்.

“அப்ப பங்காளிங்கன்னு சொல்லுங்க,” என்றாள்.

டாக்டரம்மா தாளை மடித்து என்னிடம் நீட்டினார். “ஆங். அதேதான். பங்காளி.”

சரோஜா என் பக்கம் திரும்பினாள். “பங்காளியப் போய்ப் பாட்டன்னு ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சீங்க. பெத்த பொண்ணப் பாத்து அந்தப் பங்காளியாப் போயிட்டாளேன்னு பயந்தீங்க. எங்கம்மாவ வேற அறியாமைன்னீங்க.” குரல் உயரவே இல்லை. “இந்த முடி போற வரைக்கும் நீங்க இவளத் தொடக் கூடாது.”

தொடவில்லை. அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. தொட்டில் நாளன்று நான் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு தூர நின்றேன். நான் பயந்தபடியே தெரு முழுக்க வந்தது. ஒவ்வொருத்தியாக வாங்கினாள், துணியை விலக்கினாள், முதுகைத் தடவினாள். “பட்டு நூல் மாதிரி இருக்குதுடி,” என்றாள் ஒருத்தி. “தலைமுடி நல்லா அடர்த்தியா வரும் பாரு,” என்றாள் இன்னொருத்தி. தினமும் பச்சைக் குழந்தைகளைத் தூக்கிக் குளிப்பாட்டுகிற பெண்கள் அவர்கள். அந்த முடியை எத்தனை முதுகில் பார்த்திருப்பார்கள்! குரங்கு என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை. அந்தச் சொல் என் சட்டைப் பையில் மட்டும்தான் இருந்தது. வள்ளி என்று பேர் வைத்தார்கள்.

பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றவனுக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. தாத்தா குரங்கு என்று சொன்னபோது எனக்கு ஏன் வெட்கமே வரவில்லை? பெருமையாகக்கூட இருந்ததே! காரணம் சுலபம். அந்தக் கியூவை வரைந்தவன் நான். அதில் முன்னால் நின்றவனும் நான். பின்னால் நிற்கிறவர்களைத் திரும்பிப் பார்த்துப் பரிதாபப்படுவதில் ஒரு சுகம் இருக்கிறது. குரங்கு என்றால் கீழே என்று எனக்குள் இருந்த எண்ணம் மாமியாரிடம் இருந்ததைவிடப் பெரியது. அவராவது குரங்கைப் பார்த்துத்தான் பயந்தார். நான் என் மகளைப் பார்த்துப் பயந்தேன்.

பங்காளி என்று சொல்லிப் பார்த்தால் அந்தச் சுகம் போய்விடுகிறது. பங்காளி கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை. ஒரே பாட்டன் சொத்து. அவன் பங்கு மரம், என் பங்கு தரை. படியில் வந்து பழத்தட்டில் கை வைக்கும்போது, அவனுக்கும் ஏதோ பாத்தியதை இருக்கிறது என்றுதான் இப்போது எனக்குத் தோன்றுகிறது. (அதற்காக முழுச் சீப்பையும் கொடுத்துவிடுவது இல்லை. பங்காளியிடம் எப்போதும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.)

வள்ளி ஐந்து வயதில் மலைப்படியில் குரங்கைக் கண்டதும், “அப்பா, சித்தப்பா வந்துட்டாரு!” என்று கூவினாள். முன்னால் போன பக்தர்கள் திரும்பி, யாரோ உறவுக்காரர் வருகிறார் என்று வழி விட்டார்கள். முனிரத்தினம் இன்றைக்கும் என்னைப் பார்த்தால் நலம் விசாரிப்பதில்லை, “கட்டி எப்பிடி இருக்குது மாப்ளே?” என்றுதான் ஆரம்பிப்பார். போன மாதம் வள்ளிக்கே ஒரு பெண் குழந்தை பிறந்தது. பேத்தியைப் பார்க்க நான் போனபோது, வாசலிலேயே சரோஜா என் பையை வாங்கிக்கொண்டாள். அன்போடு வாங்கினாள் என்று நினைத்தேன். உள்ளே கொண்டுபோய்ச் சவரக் கத்தியை எடுத்து அலமாரியில் பூட்டினாள். மூன்று நாள் தாடியோடுதான் ஊர் திரும்பினேன்.

சொந்தக்காரர் கல்யாணங்களில் இந்தக் கதை வருஷத்துக்கு வருஷம் வளர்கிறது. ஒரு தடவை நான் பாதி முதுகைச் சிரைத்துவிட்டேன் என்றார்கள். போன தையில், குழந்தைக்கு வால் இருந்ததாகவும் அதை நான் நறுக்கியதாகவும் ஒரு தூரத்து உறவினர் என்னிடமே சொன்னார். எனவே எழுதி வைக்கிறேன். கத்தி வள்ளிமேல் படவே இல்லை. முடி கொஞ்சம் கொஞ்சமாகத் தானே உதிர்ந்தது. மார்கழி முடிவதற்குள் முதுகு வழவழப்பாகிவிட்டது. போகிக்கு முந்தின நாள் காலை, குளிப்பாட்டிய ஈரம் காயாமலே, சரோஜா அவளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள்.